வயல் காற்றை நம்பிக் கட்டிய வீடு

என் கணவர் இருபத்திரண்டு வருடம் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்தவர். கட்டடங்களின் உச்சியில், ஏசிகள் வெளியே தள்ளும் சூட்டுக்கு நடுவே நின்றுதான் அந்த வருடங்களைக் கழித்தார். உள்ளே இருக்கிறவர்களுக்குக் குளிர், மேலே நிற்கிறவனுக்குத் தீ என்று சொல்வார். ஊருக்குத் திரும்பிய முதல் வாரமே, சொந்தமாக ஒரு வீடு கட்டுவது, அதில் ஏசி என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். ஒரே மகள் திருவனந்தபுரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வாடகை வீட்டின் கான்கிரீட் கூரைக்குக் கீழே பல கோடைகளைத் தனியாகக் கழித்தவள் என்பதால், அவர் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது.

இடம் தேடி ஐந்தாறு மாதம் அலைந்தோம். கடைசியில் டவுணுக்கு வடக்கே, பெரிய வயல்பரப்பின் ஓரத்தில் பதினைந்து சென்ட் அமைந்தது. அந்தப் பக்கத்தில் வயல்பரப்பை ஏலா என்பார்கள். அந்த ஏலாவின் ஒரு பகுதியைக் கல் நட்டு மனைகளாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கல் இருந்ததே தவிர, யாரும் அதுவரை கட்டியிருக்கவில்லை. பத்திரமெல்லாம் சரியாக இருக்கிறது என்றார் புரோக்கர். நாங்கள் இடம் பார்க்கப் போனபோது மதியம் இரண்டு மணி இருக்கும். என் கணவர் இடத்தின் மேற்கு எல்லையில் போய் நின்றார். கண்ணுக்கு எட்டிய மட்டும் முதல் போகமான கன்னிப்பூ நெற்பயிர் பச்சையாக நின்றது. அதன்மேல் தவழ்ந்து வந்த காற்று அவர் சட்டையைப் பின்பக்கமாக உப்ப வைத்தது.

"ஏட்டி, இதாக்கும் ஏசி" என்றார்.

அது வயல் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. வாங்கும்போது அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான்கு நாள் லாரிகள் மண் அடித்தன. சிவந்த மலைமண். அதற்குள் ரப்பர் மரத்தின் வேர்கள் ஒடிந்து கிடந்தன. இடத்தின் குறுக்கே, ஒரு எட்டில் தாண்டிவிடக்கூடிய அகலத்தில் ஒரு பழைய வாய்க்கால் போயிற்று. அது ஓடியே எத்தனையோ வருடம் ஆகிறது என்று புரோக்கர் சொன்னார். தண்ணீர் இல்லாத மாதம். பார்க்க வெறும் பள்ளம் போலத்தான் இருந்தது. இரண்டாம் நாள் அதன்மேல் மண் விழுந்தது. வேலைக்காரர்களுக்குச் சாயா கொடுக்க நான் அன்று அங்கே போயிருந்தேன். லாரியின் பின்பக்கம் உயர்ந்ததையும் மண் சரிந்ததையும் கண்ணால் பார்த்தவள் நான்.

வீடு கட்ட ஒன்றரை வருடம் ஆயிற்று. மேற்கே கேரள எல்லைப் பக்கமிருந்து செம்பாறை வெட்டுக்கல் கொண்டுவந்து, சிமெண்ட் பூசாமல் சுவர் எழுப்பினார். மேல்தளத்தில் கான்கிரீட்டுக்கு நடுநடுவே பழைய ஓடுகளைக் கவிழ்த்து வைத்து வார்த்தார். சூடு கீழே இறங்காது, சிமெண்டும் குறையும். மேற்குச் சுவர் முழுக்கச் செங்கற்களுக்கு இடையே சந்து விட்டுக் கட்டிய சல்லடைச் சுவர். அது வழியாகக் காற்று உள்ளே வரும். கிழக்கே உயரத்தில் வைத்த துவாரங்கள் வழியாகச் சூடான காற்று வெளியேறிவிடும். மாடியில் சோலார் தகடுகள், கூரைத் தண்ணீர் வந்து விழ ஒரு தொட்டி, தொட்டி நிறைந்தால் மண்ணுக்குள் இறங்க ஒரு உறைகுழி. ஒவ்வொரு அறையிலும் ஒரு வெப்பமானி மாட்டினார். கொத்தனார் அவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வேலையை மதிக்கத் தொடங்கி, தன் சொந்தக்காரர்களை அழைத்துவந்து காட்டினார்.

முதல் கோடையில் மதியம்கூட மின்விசிறி போடாமல் படுத்தோம். வெளியே வெயில் கொளுத்தும்போது கூடத்தில் தரை ஈரத்துணி போலச் சில்லென்று இருக்கும். என் கணவர் வெளிவெப்பமானியைப் பார்ப்பார், உள்ளே வந்து பார்ப்பார், மறுபடி வெளியே போவார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. மகள் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. அதனால் ஒப்பிட்டுச் சொல்ல வேறு எதுவும் என்னிடம் இல்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை ஒரு பெண் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றாள். எங்களுக்கு மேற்கே ஒட்டிக் கிடந்த வயல் அவளுடையது. என்னைவிட நாலைந்து வயது இளையவள். கணவர் கேரளத்தில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவை வந்து போவார். உழுவதற்கு ஆள் பிடிப்பதிலிருந்து அறுப்பு வரை எல்லாம் அவள்தான். எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். பேசியது இல்லை.

"அண்ணாச்சி, எனக்க வயலுக்க வடிகால் ஒங்க வீட்டுக்க அடியில கெடக்கு" என்றாள். "தண்ணி போக வழியில்ல. நாலு நாளா நாத்து முங்கி நிக்குது. கொஞ்சம் வந்து பாக்கேளா?"

குரலில் கோபம் இல்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுடன் போனார். நான் சல்லடைச் சுவரின் சந்து வழியாகப் பார்த்தேன். இரண்டாம் போகமான கும்பப்பூவுக்கு நட்ட வயல் குளம் மாதிரிக் கிடந்தது. தண்ணீர் எங்கள் மண்மேட்டில் வந்து முட்டி, திரும்பிப் போக இடம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முழங்காலளவு தண்ணீரில் அவள் பக்கத்தில் நின்றார். அவள் கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவர் காலைக் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முழுவதும் அவர் வெப்பமானியைப் பார்க்கவில்லை.

அந்த வருடம் அவளுக்குப் பாதி நாற்று அழுகிப் போயிற்று. அறுப்பு முடிந்ததும் என் கணவர் எங்கள் இடத்தின் வடக்கு எல்லை நெடுகப் புதிதாக ஒரு ஓடை வெட்டினார். வைத்து மூன்று வருடமான மாங்கன்றும் முருங்கையும் போயின. உறைகுழியையும் மூட வேண்டியிருந்தது. கிழக்கே இருந்த காலி மனைகள் வழியாகப் புது ஓடையைக் கொண்டுபோய், அவற்றுக்கு அப்பால் போகும் பெரிய ஓடையில் சேர்த்தார். இரண்டு மழைக்காலம் அது நன்றாக ஓடியது. அவள் புது அரிசி கொண்டுவந்து கொடுத்தாள். களை எடுக்கும் நாட்களில் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வராந்தாவுக்கு வந்துவிடுவாள்.

"ஒங்க வீட்டுல கேறுனா மேலு குளுருது அக்கா" என்பாள்.

அந்தக் குளிர்ச்சி அவள் வயலிலிருந்து வருகிறது என்று என் கணவர் அவளுக்கு விளக்குவார். பயிரும் தண்ணீரும் இருப்பதால்தான் காற்று குளிர்ந்து வருகிறது, வயல் இல்லையென்றால் இந்தச் சல்லடைச் சுவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டுவாள்.

இதற்கிடையில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை நாங்கள் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். எங்கள் லாரிகள் வருவதற்காகப் போட்ட மண்பாதை கல்பாதையாகி, பிறகு தார் கண்டது. சோலார் மின்சாரத்தை வெளி லைனோடு இணைக்க வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததால், வயலோரம் வரிசையாகக் கம்பங்கள் நட்டார்கள். ரோடும் கரண்டும் வந்துவிட்டால் மனைக்கு வேறு என்ன வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் புரோக்கர் கார்களில் ஆட்களை அழைத்துவருவார். எங்கள் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, ஏசியே இல்லாத வீடு, உள்ளே வந்து பாருங்கள் என்பார். என் கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டு உற்சாகமாக வெளியே போவார். அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டுவார். நான் எலுமிச்சை பிழிந்து கொடுப்பேன். வந்தவர்கள் வீட்டைப் புகழ்ந்தார்கள். மனையை வாங்கினார்கள். எங்களைப் போல ஒருவரும் கட்டவில்லை.

ஓடை வெட்டிய மூன்றாம் வருடம் எங்களுக்குக் கிழக்கே வீடு கட்ட மண் அடித்துக் காம்பவுண்டு சுவர் எழுப்பினார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார். அவருடைய மைத்துனர்தான் வேலையைப் பார்த்துக்கொண்டார். எங்கள் ஓடை அந்தச் சுவரில் போய் முட்டி நின்றது. என் கணவர் பேசிப் பார்த்தார். அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். தங்கள் பத்திரத்தில் ஓடை எதுவும் இல்லை, நீங்கள் வெட்டியதற்கு நாங்கள் எப்படி இடம் விட முடியும் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் என் கணவரும் வயல்காரப் பெண்ணும் சேர்ந்து தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார்கள். ஏழெட்டு தடவை அலைந்த பிறகு அளக்க ஆள் வந்தது.

வந்தவர் வயதில் சின்னவர். எங்கள் வராந்தாவில் பழைய வரைபடத்தை விரித்துவைத்துச் சங்கிலி போட்டு அளந்தார். வாய்க்கால் படத்தில் இருந்தது. அது எங்கள் வடக்கு எல்லையில் இல்லை. வீட்டுக்குள் வந்து, கூடத்தைக் கடந்து, அடுக்களையில் போய் நின்று, இதற்கு நேர் கீழே என்று காலால் தட்டிக் காட்டினார். பிறகு வெளியே வந்து, மனுவை இன்னொரு முறை வாசித்துவிட்டுக் கேட்டார்.

"வாய்க்கால மூடிட்டாங்கன்னு எழுதியிருக்கியளே சார். மூடினது யாரு?"

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிழக்கு வீட்டு மைத்துனரும் அங்கே இருந்தார். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயந்திரம் என் கணவர் டேப்பை எடுத்துக்கொண்டு அடுக்களையை அளந்தார். மறுநாள் கொத்தனாரை வரவழைத்தார். அடுக்களையை மட்டும் இடித்தால் போதுமா என்று கேட்டார். கூரையின் பாரம் அந்தச் சுவரில்தான் இறங்குகிறது, இடித்தால் பாதி வீடு போகும் என்றார் கொத்தனார். அப்படியே இடித்தாலும் தண்ணீர் எங்கே போகும், கிழக்கே சுவரல்லவா நிற்கிறது என்றும் கேட்டார். அவர் கேட்டது நியாயம். மனு என்ன ஆயிற்று என்று பிறகு நாங்கள் விசாரிக்கப் போகவில்லை.

அடுத்த மழையில் அவளுடைய பயிர் மொத்தமும் போயிற்று. என் கணவர் மோட்டார் வாங்கிவந்து இரவும் பகலுமாக இறைத்துப் பார்த்தார். இறைத்த தண்ணீர் ரோட்டில் பாய்ந்து, கிழக்கு வீட்டுக்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள். அதற்கடுத்த வருடம் அவள் நடவே இல்லை. வயலில் கோரைப்புல் வளர்ந்தது. அப்போதும் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. வீடு முன்போலவே குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்து சாப்பிடவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் வராந்தாவில் காத்திருந்தாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள்.

"வயல குடுத்தாச்சு அக்கா" என்றாள். "ஒங்கள கொறை சொல்லதுக்கு வரல்ல. வேற ஆளு சொல்லி நீங்க கேக்கதுக்கு முன்ன நானே சொல்லணும்னு தோணிச்சு. அண்ணாச்சி வருத்தப்படுவாவ."

நான் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டும். சாயா குடிக்கிறாயா என்றுதான் கேட்டேன். குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் வயலில் மண் விழுந்த மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் திற்பரப்புப் பக்கம் போனோம். வழியில் ஒரு குன்றைப் பாதியாக வெட்டி நிறுத்தியிருந்தார்கள். வெட்டிய பக்கம் சிவப்பாகத் தெரிந்தது. விளிம்பில் இரண்டு ரப்பர் மரங்கள் வேர் வெளியே தொங்க நின்றன. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த என் கணவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மேற்கே மூன்று மாடி எழுந்தது. சுவர் முதல் மாடியைத் தாண்டியதுமே எங்கள் வீட்டில் காற்று நின்றுவிட்டது. குறையும் என்று நினைத்திருந்தோம். குறையவில்லை, அப்படியே நின்றுபோனது. காலை வெயிலில் அந்த வீட்டின் வெள்ளைச் சுவர் வெந்து, சூட்டை எங்கள் பக்கம் விட்டது. குடிவந்ததும் ஐந்து ஏசி மாட்டினார்கள். ஐந்தின் வெளிப்பெட்டிகளும் எங்கள் சல்லடைச் சுவரைப் பார்த்து இருந்தன. எந்தச் சந்து வழியாக வயல் காற்று வந்ததோ, அதே சந்து வழியாக அந்தச் சூடு வந்தது. மாலை ஏழு மணிக்குக் கூடத்து வெப்பமானி வெளியே இருப்பதைவிட அதிகம் காட்டியது. சில நாள் என் கணவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு எல்லா அறையிலிருந்தும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டார்.

அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஓய்வுபெற்ற ஆசிரியர். என் கணவரின் தொழில் தெரிந்து, தன் அறை ஏசி சரியாகக் குளிரவில்லை, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். இவர் பழைய கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிட்டு வந்தார். குளிர்கிறதா என்று கேட்டேன்.

"நல்லா குளுருது" என்றார். "இனி நமக்குச் சூடு கொஞ்சம் கூடத்தான் வரும். சரியா வேலை செஞ்சா அப்பிடித்தான்."

திருவனந்தபுரத்திலேயே கல்யாணமாகிப் போயிருந்த மகள் பிரசவத்துக்கு வந்தது அதற்கடுத்த பங்குனியில். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தபோது சித்திரை வெயில் உச்சத்தில் இருந்தது. பத்து நாளில் குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வெடித்துப் பழுத்தது. இரவும் பகலும் அழுதது. மகள் ஏசி என்ற பேச்சை எடுக்கவில்லை. அப்பாவைத் தெரிந்தவள், எப்படிக் கேட்பாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், குழந்தையைக் குளிர்ச்சியான அறையில் வையுங்கள் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியிலேயே என் கணவர் ஆட்டோவை ஒரு கடையில் நிறுத்தச் சொன்னார்.

வேறு ஆளை வைத்து மாட்டலாம் என்றேன். கேட்கவில்லை. சுவரைத் துளையிட்டு, குழாய் இழுத்து, எல்லாம் அவரே செய்தார். ஆனால் அறை குளிரவில்லை. காற்று நிற்காதபடி கட்டிய அறை அல்லவா, குளிர் அத்தனையும் சந்து வழியாக வெளியே போயிற்று. அட்டை வைத்து அடைத்துப் பார்த்தார், பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்தார். கடைசியில் சிமெண்டைக் குழைத்து, கரண்டியால் ஒவ்வொரு சந்தாகப் பூசி அடைத்தார். உயரத்தில் இருந்த துவாரங்களை ஏணி வைத்து அடைத்தார். மூன்று நாள் ஆயிற்று. மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு மாசம்தானே அப்பா, பொறவு ஒடச்சுக்கிடலாம்" என்றாள்.

"ஒடச்சா என்னத்துக்கு மக்கா" என்றார் அவர்.

குழந்தை நன்றாகத் தூங்கியது. புண் ஆறியது. அவர்கள் திருவனந்தபுரம் போன பிறகு நாங்கள் அந்த அறைக்கு மாறினோம். இப்போதும் அங்கேதான் படுக்கிறோம். மாடியில் சோலார் தகடுகள் இருக்கின்றன. மேற்கு வீட்டின் நிழல் மூன்று மணிக்கே அவற்றின்மேல் விழுந்துவிடுகிறது.

வயலை விற்ற பெண்ணை எப்போதாவது வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். டவுணில் ஒரு துணிக்கடையில் துப்புரவு வேலை செய்கிறாள். மகளைப் பற்றிக் கேட்பாள், பேரனைப் பற்றிக் கேட்பாள். அண்ணாச்சிக்குச் சுகந்தானா என்பாள். வீட்டைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஆறேழு மாதத்துக்கு முன் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை, பெங்களூரிலிருந்து ஊருக்கே வந்துவிடப் போகிறார்கள். எங்கள் வீட்டைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். இயற்கையை நோகடிக்காத வீடு கட்ட வேண்டும் என்று அந்தப் பெண் ஆசையோடு சொன்னாள். என் கணவர் அவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டினார். முன்பு போல வேகமாக நடக்கவில்லை. ஆனால் ஓடு வைத்து வார்த்த கூரையைப் பற்றிச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. அடைத்த சுவரைப் பார்த்துவிட்டு அந்தப் பையன் காரணம் கேட்டான். இவர் மறைக்காமல் சொன்னார். வயல், வாய்க்கால், மேற்கு வீடு, எல்லாவற்றையும். அவர்கள் வருத்தத்தோடு கேட்டார்கள்.

எங்கே இடம் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் அடுத்த ஏலாவைச் சொன்னாள். முன்பணம் கொடுத்தாயிற்றாம்.

"வயல்ல கெட்டாதீங்க மக்கா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க வாங்கல்லேன்னா வேற யாராவது வாங்கி மூணு மாடி வைப்பாங்க ஆன்ட்டி. நாங்கன்னா இப்படி ஒரு வீடாவது வருமே" என்றாள்.

இடம் வாங்கிய நாட்களில் நாங்களும் இதையே நினைத்தோம். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் கொத்தனாரின் நம்பர் கேட்டார்கள். என் கணவர் எழுதிக் கொடுத்தார்.

முந்தாநாள் அஸ்திவாரம் தோண்டிய படத்தை என் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். குழியில் தண்ணீர் ஊறி நிற்கிறது, என்ன செய்யலாம் என்று அங்கிளிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். இரண்டு நாள் மோட்டார் போட்டு இறைத்தால் வற்றிவிடும் என்று எழுதச் சொன்னார். எழுதி அனுப்பினேன்.